தொண்டைக்கு வராத பாட்டு

யாரிடமாவது "ஒரு பாட்டு பாடுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயோ, எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். "பாட மாட்டேன்" என்று சொல்வதில்லை. "பாடத் தெரியாது" என்று சொல்கிறவர்களும் குறைவுதான். "வராது" என்பதே வழக்கு.

தமிழில் சைக்கிள் ஓட்டத் தெரியும், சமைக்கத் தெரியும், நீந்தத் தெரியும். ஆனால் கணக்கு வரும், இங்கிலீஷ் வரும், பாட்டு வரும். தூக்கம் வருகிற மாதிரி, அழுகை வருகிற மாதிரி. "தெரியும்" என்றால் நாம் போய்க் கற்றுக்கொண்டது. "வரும்" என்றால் அதுவாக நம்மைத் தேடி வந்தது. வராதவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். யார் மேலும் குற்றம் இல்லாததுபோல் ஒலிக்கும் இந்தச் சொல், உண்மையில் ஒரு தீர்ப்பு. பெரும்பாலோர் பத்துப் பன்னிரண்டு வயதில் வாங்கி, சாகும்வரை வைத்துக்கொள்ளும் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. "பாட்டு வராது" என்னும்போது வராதது எது? ஸ்வரத்தைக் கேட்டு வேறுபாடு அறிவதா? கேட்டதை நினைவில் வைத்திருப்பதா? நினைவில் இருப்பதைத் தொண்டையில் எடுப்பதா? மூன்றும் ஒன்றென்றுதான் நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன், எல்லோரையும் போல. காது நல்லா இருந்தா குரல் தானா வரும், குரல் வரலைன்னா காது சரியில்லை. அவ்வளவு எளிது. ஆனால் விஷயம் அப்படி இல்லை.

*

என் பெரியம்மா ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் அடர்ந்த சரிவு அது. பாதை கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். ஹாரன் கேட்டவுடன் பெரியம்மா சொல்லிவிடுவார்: "இது காலைல போன வண்டிதான், திரும்புது." இன்னொரு ஹாரனுக்கு, "இது புது வண்டி, இந்தப் பக்கம் வந்ததில்ல." இரண்டு ஹாரனும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். களத்தில் காப்பிக்கொட்டை காயும்போது கட்டையால் இழுத்துவிடுகிற சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை வெயில் வேண்டும் என்று சொல்வார். ஈரக்கொட்டையின் சத்தம் மொத்தையாக இருக்கும், காயக் காய சலசலவென்று மேலே ஏறும். "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்பார், திரும்பிப் பார்க்காமலே.

அவரிடம் பாடச் சொன்னால் மட்டும், "எனக்கெங்க கண்ணு பாட்டு வருது? என் தொண்டை காக்கா தொண்டை" என்று நிறுத்திவிடுவார்.

ஆனால் வேலை செய்யும்போது அவர் வாய்க்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். எண்பதுகளில் ரேடியோவில் கேட்ட ஒரு இளையராஜா பாட்டு, திரும்பத் திரும்ப அதே பல்லவி. ஒரு விடுமுறையில் அதை அவர் அனுமதியோடு போனில் பதிவு செய்தேன். சில மாதம் கழித்துப் போனபோது மறுபடி. வீட்டுக்கு வந்து சுருதி காட்டும் செயலியில் போட்டுப் பார்த்தேன். நடுவில் ஸ்வரங்கள் அங்குமிங்கும் சரிகின்றன, மேல் ஸ்வரம் எட்டவில்லை, அது உண்மை. ஆனால் பல்லவி தொடங்கும் முதல் ஸ்வரம் இரண்டு பதிவிலும் ஏறத்தாழ ஒரே இடம். ஒலிநாடாவில் உள்ள மூலப் பாட்டு தொடங்கும் இடத்துக்கு அரை ஸ்வரம்கூடத் தள்ளி இல்லை. கையில் ஹார்மோனியம் இல்லை, பக்கத்தில் ரேடியோ இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சுருதி அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், ஒரு ஆளின் இரண்டு பதிவுகள்தான். ஆனால் இதே கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

*

1994ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெவிட்டின் ஓர் எளிய சோதனை செய்தார். இசைக்கலைஞர்களாகத் தேர்ந்தெடுக்காமல், கல்லூரி மாணவர்கள் 46 பேரை அழைத்தார். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பாப் பாடல்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, மனதில் கேட்டபடியே பாடச் சொன்னார். அந்தப் பாடல்கள் ஒரே ஒரு பதிவாக மட்டும் புழங்குபவை. அதனால் 'சரியான சுருதி' எது என்பதில் குழப்பம் இல்லை. 40 சதவீதம் பேர் இரண்டில் ஒரு பாட்டையாவது மூலப் பதிவின் அதே சுருதியில் பாடினார்கள். 12 சதவீதம் பேர் இரண்டையும் அப்படிப் பாடினார்கள். 44 சதவீதம் பேர் இரண்டு பாட்டிலும் இரண்டு அரைஸ்வர வித்தியாசத்துக்குள் நின்றார்கள். பன்னிரண்டு சுரத்தானங்களில் குருட்டாம்போக்கில் ஒன்றில் விழுவதென்றால் பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான், அதாவது எட்டு சதவீதம். பின்னால் ஐரோப்பாவின் ஆறு ஆய்வகங்கள் இதைத் திரும்பச் செய்தபோது விளைவு லெவிட்டின் கண்டதைவிடச் சிறியதாக வந்தது. ஆனால் மறைந்துபோகவில்லை.

2024ல் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆய்வு வெளிவந்தது. சில பாட்டுகள் நாம் கூப்பிடாமலே மண்டைக்குள் ஓடும் இல்லையா, அதைப் பற்றியது. முப்பது பேரின் போனுக்கு நாளின் ஏதோ ஒரு நேரத்தில் செய்தி வரும். அப்போது தலைக்குள் என்ன பாட்டு ஓடுகிறதோ அதை உடனே பாடிப் பதிய வேண்டும். கிடைத்த பதிவுகளில் 44.7 சதவீதம் மூலப் பாட்டின் சுருதியில் அப்படியே இருந்தன. 68.9 சதவீதம் ஓர் அரைஸ்வர எல்லைக்குள் இருந்தன.

'அப்சொல்யூட் பிட்ச்' என்று மேற்கில் கொண்டாடப்படும் திறமை ஒன்று உண்டு. எந்த ஒலியைக் கேட்டாலும் உடனே அதன் ஸ்வரப் பெயரைச் சொல்லிவிடுவது. பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் அது வாய்க்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மொசார்ட்டுக்கு இருந்ததாம், நமக்கு இல்லையாம். லெவிட்டினின் சோதனை அந்தத் திறமையை இரண்டாகப் பிரித்துக் காட்டியது: சுருதியை நினைவில் வைத்திருப்பது ஒன்று, அதற்குப் பெயர் சொல்வது இன்னொன்று. பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். நினைவு வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். தங்களுக்கு அது இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

*

அப்படியானால் அவர்கள் ஏன் பாடுவதில்லை?

தொண்டை ஒரு விசித்திரமான வாத்தியம். வீணையில் மெட்டு இருக்கிறது, ஹார்மோனியத்தில் கட்டை இருக்கிறது, புல்லாங்குழலில் துளை இருக்கிறது. கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம். தொண்டைக்குள் இருப்பதோ இரண்டு சிறு மடிப்புகள், பெரியவர்களிலும் ஒரு விரற்கடை அளவுதான். அவற்றை எவ்வளவு இழுத்தால் எந்த ஸ்வரம் வரும் என்று நமக்குள் எந்த அடையாளமும் இல்லை. ஊதிய பிறகுதான் தெரியும், சரியா தப்பா என்று. போதாததற்கு, நம் குரல் நமக்குக் காது வழியாக மட்டுமின்றி எலும்பு வழியாகவும் கேட்கிறது. போனில் பதிந்த சொந்தக் குரலைக் கேட்டு "இது நானா?" என்று முகம் சுளிப்பது அதனால்தான்.

2012ல் மான்ட்ரியாலில் ஷான் ஹட்சின்ஸும் இசபெல் பெரெட்ஸும் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி கண்டார்கள். விரலை நகர்த்தினால் சுருதி மாறும் ஒரு சிறு கருவி. ஓர் ஒலியைக் கேட்க வைத்து, "இதே ஒலியைக் கருவியில் பிடியுங்கள்" என்றார்கள். அப்புறம், "இதே ஒலியைக் குரலில் பிடியுங்கள்" என்றார்கள். குரலில் தவறிய பலர் விரலில் தவறவில்லை. காதில் கோளாறு என்றால் இரண்டிலும் தவறியிருக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் தொண்டையை ஆள்வதிலும், வேறு நாதத்தில் கேட்டதைத் தன் குரலின் நாதத்துக்கு மாற்றிக்கொள்வதிலும் இருந்தது. தங்கள் சொந்தக் குரலையே பதிவில் போட்டுக் காட்டியபோது அதே ஆட்கள் இன்னும் துல்லியமாகப் பிடித்தார்கள்.

ஸ்வர வேறுபாடே பிடிபடாத நிலை ஒன்று உண்மையிலேயே உண்டு. பிறவி அமூசியா என்பார்கள். பெரெட்ஸும் டொமினிக் வுவானும் 2017ல் வெளியிட்ட கணக்குப்படி மக்களில் 1.5 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. "எனக்குச் சுருதி ஞானமே இல்லை" என்று சொல்லிக்கொள்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. லோலா கடி குழுவினர் 2005ல் கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டபோது ஏறத்தாழ 17 சதவீதம் பேர் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். சோதித்தால் அவர்களில் பெரும்பாலோர் காது நன்றாகவே இருந்தது. பாட முடியாததை வைத்துக் கேட்க முடியாது என்று தங்களைப் பற்றித் தாங்களே முடிவு கட்டியிருந்தார்கள்.

இதைவிட ஆச்சரியமான தகவல் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சைக்கி லூயியும் கூட்டாளிகளும் 2008ல் அமூசியா உள்ளவர்களைச் சோதித்தார்கள். இரண்டு ஸ்வரங்களில் எது மேலே, எது கீழே என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் "திருப்பிப் பாடுங்கள்" என்றால் ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினார்கள். காது 'தெரியாது' என்கிறது, தொண்டை அதைச் செய்துகாட்டுகிறது!

ஆங்கிலத் தத்துவவாதி கில்பர்ட் ரைல் 1949ல் எழுதிய 'மனம் என்ற கருத்து' நூலில் இரண்டு வகை அறிவைப் பிரித்தார்: இன்னது இப்படி என்று அறிவது, இன்னதைச் செய்ய அறிவது. முதலாவது இருந்தால்தான் இரண்டாவது வரும் என்பது தப்பு என்றார். ஹட்சின்ஸும் லூயியும் காட்டுவதை ரைலோடு சேர்த்துப் படித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. இசை அறிவு என்று நாம் ஒற்றைப் பெயரால் சொல்வது நமக்குள் ஒரே அறையில் இல்லை. ஒருவருக்குக் காதில் இருக்கிறது, இன்னொருவருக்கு நினைவில், வேறொருவருக்குத் தொண்டையில். அறைகளுக்கு நடுவில் கதவு திறந்திருந்தால் அவரைப் பாடகர் என்கிறோம். மூடியிருந்தால் வீடே காலி என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

*

சுருதி நினைவு இவ்வளவு பரவலாக இருந்தும் நம் மரபு ஏன் அதைப் பெரிதாகப் பேசவில்லை என்ற கேள்வி அடுத்து வருகிறது.

ஏற்காட்டில் மத்திய அரசின் தாவரவியல் ஆய்வுத் துறை நடத்தும் ஆர்க்கிட் தோட்டத்தில் 'பெல் ராக்' என்று அழைக்கப்படும் ஒரு பாறை உண்டு. சிறு கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். இன்று தட்டினாலும் அதே ஸ்வரம், பத்து வருடம் கழித்துத் தட்டினாலும் அதே ஸ்வரம். சுருதி மாறாமல் இருப்பதுதான் இசை என்றால் அந்தப் பாறையைவிடப் பெரிய வித்வான் சேர்வராயன் மலையில் கிடையாது. ஆனால் அதைப் பாடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. இன்னொரு ஒலியைக் கேட்டு அதோடு சேர அதற்குத் தெரியாது.

கர்நாடக சங்கீதத்தில் 'ஸ' என்பதற்கு நிலையான இடம் கிடையாது. ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். அவரவர் தொண்டைக்கு எது பொருந்துமோ அதுவே ஆதார சுருதி. அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, பின்னால் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கிறது. தம்புராவை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: மண்டைக்குள் சுமக்க வேண்டிய நினைவை வெளியே எடுத்து வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மீட்டிக்கொண்டிருப்பது. அப்போது பாடகரின் வேலை நினைவு வைத்திருப்பது இல்லை. கேட்டுக்கொண்டே இருப்பது, விலகினால் உணர்ந்து திரும்பி வருவது. சுருதி சேர்வது என்கிறோமே, அந்தச் சேர்தல்.

பழந்தமிழ் இசையில் ஏழு நரம்புகளின் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். முதல் ஸ்வரத்துக்கே 'குரல்' என்று பெயர். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு ஆயர் பெண்களுக்கு இந்த ஏழு பெயர்களையும் இட்டு ஆட நிறுத்துகிறாள். எந்த நரம்பையும் குரலாக வைத்து வேறு பண்ணுக்குப் பெயரும் முறையும் அந்த இசையில் உண்டு. ஆக, தொடங்கும் இடம் ஒன்றென்று யாரும் விதிக்கவில்லை. நீ நிற்கிற இடம் உன் குரல், மற்ற ஆறும் அதற்கு உறவு. அப்படிப் பார்த்தால் "இவளுக்குச் சுருதி சேரல" என்று ஒரு பிள்ளையைச் சொல்லும்முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: யாருடைய சுருதியில் பாடச் சொன்னோம்?

*

வாய்த்த குரலுக்கும் இசைக்கும் உள்ள தூரத்தைப் பற்றிப் பேசினால் செம்மங்குடி சீனிவாச ஐயரை விட்டுவிட முடியாது. 1908ல் பிறந்து 2003 வரை வாழ்ந்த அவருடைய குரல் இயல்பில் இனிய குரல் இல்லை. கரகரப்பானது, எளிதில் பணியாதது. அசுர சாதகத்தால் அதைப் பணிய வைத்தார் என்பதே அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது. உள்ளே கேட்டது முதலில் இருந்தது, தொண்டை பின்னால் வந்து சேர்ந்தது.

முசிறி சுப்பிரமணிய ஐயர் கதை வேறு. உயர்ந்த சுருதியில் பாடிப் பெயர்பெற்றவர் உடல்நலக் காரணங்களால் 1940களின் நடுவிலேயே கச்சேரி மேடையை விட்டு விலகினார். 1949ல் சென்னையில் தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல் முதல்வரானார். டி. கே. கோவிந்தராவ், மணி கிருஷ்ணசாமி, சுகுணா புருஷோத்தமன் என்று அவரிடமிருந்து பாடகர்கள் வந்தார்கள். கச்சேரி நின்ற பிறகும் அவரிடம் இருந்த இசை, பிறர் குரலில் கேட்டது.

இந்த இருவருக்கும் நடுவில் நம் காலத்தைப் பெரிதும் மாற்றிய வேறொன்று நடந்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935ல் தொடங்கிய படநிறுவனம் அது. தமிழ் சினிமாவின் அந்தத் தொடக்க வருடங்களில் நடிக்க வேண்டுமென்றால் பாட வேண்டும். அதற்கு முந்தைய நாடக மேடையில் மைக்கும் இல்லை. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்ச சுருதியில் பாடியாக வேண்டியிருந்தது. 1930களின் இறுதியில் பின்னணிப் பாட்டு வந்தது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று ஆனது. அதனால் அற்புதமான குரல்கள் நமக்குக் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் தேர்ந்தெடுத்த பத்துப் பதினைந்து குரல்கள்தான் 'பாட்டு' என்பதற்கு அளவுகோல் ஆயின. 1997ல் ஆட்டோ-டியூன் வந்த பிறகு அந்தக் குரல்களின் சிறு பிசிறும் துடைக்கப்படுகிறது. மனிதத் தொண்டையே எட்டாத துல்லியத்தை நாள் முழுக்க இயர்போனில் கேட்டுவிட்டு, "எனக்குப் பாட்டு வராது" என்கிறோம். எதோடு ஒப்பிட்டால் வராது?

*

இனி தார்மீகக் கேள்விக்கு வருகிறேன்.

என் சித்தப்பா மகள் மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தவள். பள்ளியின் பாடல் குழுவில் அவளும் நின்றாள். ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவளுக்குச் சொல்லப்பட்டது: "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்." அவள் அப்படியே செய்தாள். இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டாள். கோயிலில்கூட வாயை மட்டும்தான் அசைக்கிறாள்.

சொன்னவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது ஒரு குரல் விலகினால் மொத்தமும் கெடும். மற்ற முப்பத்தொன்பது பேரின் உழைப்பு இருக்கிறது, கேட்க வந்த பெற்றோர் இருக்கிறார்கள். 'எல்லோரும் பாடகர்தான்' என்று இனிப்பாகப் பொய் சொல்வதும் பிள்ளைக்குச் செய்யும் நன்மை இல்லை. சுருதி விலகினால் விலகியது என்று சொல்லத்தான் வேண்டும். மேடைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது குற்றமில்லை. செம்மங்குடியின் சாதகத்தை மதிக்கிறோம் என்றால் சாதகம் செய்யாத குரலையும் அதே தட்டில் வைக்க முடியாது.

பிறகு தவறு எங்கே? இரண்டு இடத்தில் என்று நினைக்கிறேன்.

ஒன்று, ஒரு செயலைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஓர் ஆளைப் பற்றிய வாக்கியமாக மாறிவிட்டது. "இந்த இடத்துல நீ கொஞ்சம் கீழ போற" என்பது செயலைப் பற்றியது. அதைச் சரிபார்க்கலாம், திருத்தலாம், பொய் என்று நிரூபிக்கவும் செய்யலாம். "உனக்குப் பாட்டு வராது" என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பது? அது பிள்ளையின் காதையும் நினைவையும் சேர்த்தே தள்ளுபடி செய்கிறது. அந்த இரண்டையும் யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை. சோதிக்காத ஒன்றைப் பற்றி ஒரு பிள்ளையிடம் தீர்ப்பு சொல்வது, எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும், அநீதி.

இரண்டு, அவளைக் குழுவிலிருந்து எடுத்திருந்தால்கூட அது நேர்மையாக இருந்திருக்கும். எடுக்கவில்லை. பாடுவதுபோல் நிற்கச் சொன்னார்கள். பத்து வயதில் தன் உடம்பைக் கொண்டு பொய் சொல்லக் கற்றுக்கொள்வதற்கும், பாடக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

மாற்று என்று கேட்டால், அது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. 2007ல் சிமோன் டாலா பெல்லாவும் கூட்டாளிகளும் பயிற்சி இல்லாத சாதாரண மக்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே பாடினார்கள். சுருதி தவறியவர்களில் பலர் வேகமாகப் பாடியதால் தவறினார்கள். மெதுவாகப் பாடச் சொன்னதும் தவறு குறைந்தது. ஆக, "வராது" என்பதற்குப் பதில் முதலில் "மெதுவாப் பாடு" என்று சொல்லிப் பார்க்கலாம். ஹார்மோனியத்தை அழுத்திக் காட்டுவதற்குப் பதில் வாயால் பாடிக் காட்டலாம். உன் சுருதி எது என்று பிள்ளையையே கேட்கலாம். இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் வராமல் போகலாம். அப்போது அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கும்.

*

கடைசியாக ஒன்று. இந்த வராதவர்கள் உண்மையில் பாடவே இல்லையா?

நம் ஊரில் தேர்வு வைக்காத இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. ஒன்று தாலாட்டு, இன்னொன்று ஒப்பாரி. தொட்டில் அருகில் நிற்கிறவளிடம் உனக்குச் சுருதி சேருமா என்று யாரும் கேட்பதில்லை. செத்த வீட்டில் மாரடித்து அழுகிறவளை, மேல் ஸ்வரம் எட்டவில்லை என்று யாரும் நிறுத்துவதில்லை. "எனக்குப் பாட்டு வராது" என்று சொன்ன என் பெரியம்மாதான் எங்கள் வீட்டில் நாலு பிள்ளைகளைப் பாடித் தூங்க வைத்தார். அதைப் பாட்டுக் கணக்கில் அவர் சேர்ப்பதே இல்லை. "அது பிள்ளை தூங்கறதுக்கு" என்பார்.

டோனியா பெர்ஜஸனும் சாண்ட்ரா ட்ரெஹப்பும் 2002ல் தாய்மார்கள் குழந்தைகளுக்குப் பாடுவதைப் பதிவு செய்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே தாய் அதே பாட்டை அதே குழந்தைக்குப் பாடியபோது மறுபடி பதிந்தார்கள். இரண்டு முறைக்கும் நடுவில் சுருதி வித்தியாசம் சராசரியாக ஓர் அரைஸ்வரத்துக்கும் குறைவு. வேகத்திலும் ஏறத்தாழ மாற்றம் இல்லை. தம்புரா வைத்துக்கொள்ளவில்லை, யாரும் அப்படிப் பாடச் சொல்லவும் இல்லை. குழந்தைக்கு நேற்று கேட்ட இடத்திலேயே இன்றும் கேட்டது.

சுருதி நினைவுக்கும் பாடும் திறமைக்கும் என்ன உறவு என்று கேட்டால் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. நினைவு இருப்பதால் மட்டும் யாரும் பாடகர் ஆகிவிட முடியாது. நடுவில் தொண்டை இருக்கிறது, சாதகம் இருக்கிறது, வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மேடைக்குப் போகாத அந்த நினைவு வீணாகக் கிடப்பதில்லை. நல்ல பாட்டைக் கேட்டவுடன் நிமிரும் காது அதுதான். தவறிய ஸ்வரத்தில் முள் குத்தியதுபோல் நெளிய வைப்பதும் அதுதான். சபாவில் முன்வரிசையில் தலையாட்டும் ரசிகரிடமும், சமையலறையில் முணுமுணுப்பவரிடமும் இருப்பது அதே சொத்து. கேட்க இத்தனை பேர் இல்லாவிட்டால் பாடுகிற சிலருக்குப் பொருளே இல்லை.

அடுத்த முறை யாராவது "எனக்குப் பாட்டு வராது" என்றால் வற்புறுத்த வேண்டாம். "யார் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஓர் ஆள் இருப்பார், ஒரு வகுப்பறை இருக்கும், ஒரு வயது இருக்கும். அவ்வளவு துல்லியமாக அதை நினைவில் வைத்திருப்பார்கள்.